பாவமா, வியாதியா?



2024-ம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து நம் சபைச் சகோதரி ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். "ஐயா, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இவரு செய்யிறது பாவமா, இல்ல வியாதியா? பாவம்னா நான் கோவப்படுவேன். வியாதின்னா கஞ்சி காய்ச்சிக் குடுப்பேன். எதுன்னு தெரியாம ஒரு வருஷமா ரெண்டையும் செஞ்சிட்டிருக்கேன்."

குடியைப் பற்றி நான் பிரசங்கம் பண்ண ஆரம்பித்து இருபது வருஷம் ஆகிறது. வாரத்தில் ஆறு நாள் எலக்ட்ரிக் கடை, ஏழாம் நாள் ஊழியம் என்று ஓடுகிறவன். வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ வாங்கியிருக்கிறேன். ஆகிலும் அன்றைக்கு அந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு வாய் திறக்க எனக்கு முடியவில்லை. இந்தக் கட்டுரையை அந்தச் சகோதரியும் அவர்கள் கணவரும் முதலில் வாசித்துப் பார்த்து, "போடுங்க ஐயா" என்று சொன்ன பிறகே அச்சுக்குக் கொடுக்கிறேன். பேர் வேண்டாம். தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் தேடவேண்டாம்.

சகோதரர் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறவர். 2014-ல் ஞானஸ்நானம் எடுத்தார். அன்றோடு குடியை விட்டார். விட்டது உண்மை, அதை யாரும் சந்தேகப்படத் தேவையில்லை. ஆனால் குடியை விட்டவருக்குச் சாப்பாடு கூடிற்று. 2020-ல் எடை 128 கிலோ. சர்க்கரை, பிரஷர், மூட்டு வலி, ராத்திரியில் மூச்சு நின்று நின்று வரும் குறட்டை எல்லாம் சேர்ந்துகொண்டது. நம்மில் யாராவது அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னோமா? குடிக்கிறவனைப் பீடத்திலிருந்து கண்டிக்கிறோம். கன்வென்ஷன் பந்தியில் மூன்றாம் தட்டு பிரியாணிக்குக் கை நீட்டுகிறவனைப் பார்த்துச் சிரிக்கிறோம். பெருந்தீனிக்காரனையும் குடியனையும் நீதிமொழிகள் ஒரே மூச்சில் சொல்லுகிறதை நாம் பாதிதான் வாசித்திருக்கிறோம். என் தொப்பையையும் சேர்த்தே சொல்லுகிறேன், யாரும் மனம் நோகவேண்டாம்.

2021-ல் அவர் பெரிய ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆப்பரேஷன் செய்துகொண்டார். பைபாஸ் என்றதும் நம் ஆட்கள் நெஞ்சு ஆப்பரேஷன் என்று நினைத்து ஜெபித்தார்கள். இது வயிற்றுக்குச் செய்யும் பைபாஸ். இரைப்பையின் மேல்பாகத்தில் சுமார் 30 மில்லி பிடிக்கிற ஒரு சின்னப் பையை மாத்திரம் பிரித்து, அதை நேரே சிறுகுடலோடு தைத்துவிடுகிறார்கள். மீதி இரைப்பைக்குச் சாப்பாடு போகாது. 1960-களில் அமெரிக்காவின் அயோவாவில் டாக்டர் எட்வர்ட் மேசன் என்பவர் தொடங்கிவைத்த முறை. இன்னொரு முறையும் உண்டு. அதில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு வாழைக்காய் போல ஒரு குழாயை மட்டும் விட்டுவைக்கிறார்கள். "ஆண்டவர் கொடுத்த வயித்தை வெட்டலாமா, விசுவாசம் இல்லையா?" என்று அப்போது முணுமுணுத்தவர்கள் நம்மிலேயே இருந்தார்கள். குடல்வால் ஆப்பரேஷனுக்கு இவர்கள் யாரும் இப்படிக் கேட்டதில்லை. அது போகட்டும். ஒன்றரை வருஷத்தில் 43 கிலோ குறைந்தது. இன்சுலின் நின்றது. மாடிப்படி ஏறினார். 2022 கன்வென்ஷனில் நான்தான் அவரை மேடையேற்றிச் சாட்சி சொல்லவைத்தேன். பழைய பேண்டைக் கொண்டுவந்து விரித்துக் காட்டினார். ஜனங்கள் கைதட்டினார்கள்.

2023-ல், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண வரவேற்பில், மண்டபத்துக்குப் பின்னால் நின்ற காருக்குள் ஒன்பது வருஷத்துக்குப் பிறகு முதல் கிளாஸ். "மாப்ள ஒல்லியாயிட்டான், இப்பத்தான் ஆளு பழைய ஆளு" என்று சொல்லி ஊற்றிக் கொடுத்தவரும் ஒரு விசுவாசி வீட்டுப் பிள்ளைதான்.

அவர் என்னிடம் பிற்பாடு சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன். "ஐயா, முன்னாடி மனசு சரியில்லேன்னா ராத்திரி பரோட்டா கடைக்குப் போவேன். நாலு பரோட்டா, சால்னா, ஒரு ஆஃப்பாயில். தின்னு முடிச்சா ஒரு மயக்கம் வரும், தூங்கிருவேன். ஆப்பரேஷனுக்கு அப்புறம் அரை பரோட்டா இறங்காது, குமட்டும். வயித்தச் சின்னதாக்கிட்டாங்க. மனசு அதே சைஸ்லதான இருக்கு? அன்னைக்கு அந்த ஒரு கிளாஸ் உள்ள போன அஞ்சாவது நிமிஷம் அந்த மயக்கம் திரும்பி வந்துச்சு. இவ்வளவு ஈசியா இருக்கேன்னு நெனச்சேன்."

அந்த 'அஞ்சாவது நிமிஷம்' என்பதை நான் அப்போது சாக்கு என்று எண்ணினேன். பிறகு விசாரித்தபோதுதான் அது சரீரத்தின் உண்மை என்று தெரிந்தது. சாதாரண ஆளுக்குச் சாராயம் இரைப்பையில் கொஞ்ச நேரம் தங்கும். அங்கேயே ஒரு பங்கு முறிக்கப்படும். கீழே உள்ள வாசல் மெதுவாகத் திறந்துவிடும். பைபாஸ் செய்தவருக்குத் தங்க இடம் இல்லை, வாசலும் இல்லை. குடித்தது நேரே சிறுகுடலுக்குப் போய் சில நிமிஷத்தில் இரத்தத்தில் ஏறிவிடுகிறது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் இந்த ஆப்பரேஷன் செய்துகொண்ட பெண்களைச் சோதித்து 2015-ல் வெளியிட்டார்கள். இரண்டு கிளாஸ் குடித்தவர்களின் இரத்தத்தில், ஆப்பரேஷன் செய்யாதவர் நாலு கிளாஸ் குடித்தால் எவ்வளவு ஏறுமோ அவ்வளவு ஏறியிருந்தது. நம் நாட்டுச் சட்டப்படி வண்டி ஓட்டுகிறவரின் 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கக்கூடாது. இப்படிப்பட்டவருக்கு ஒரே கிளாஸ் அந்தக் கோட்டைத் தாண்டவைத்துவிடலாம். நம் சகோதரர் அன்று ராத்திரி மனைவியையும் மகளையும் பின்னால் உட்காரவைத்து பைக் ஓட்டி வந்திருக்கிறார்.

இன்னொன்றும் அறிந்துகொண்டேன். அமெரிக்காவிலேயே சுமார் 2000 பேரை ஆப்பரேஷனுக்கு முன்னும் பின்னும் தொடர்ந்து கவனித்து 2012-ல் வெளியிட்டார்கள். குடியில் சிக்கினவர்கள் முன்பு 100-க்கு 7.6 பேர். முதல் வருஷத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டாம் வருஷத்தில் 9.6 ஆனது. அப்படிச் சிக்கினவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆப்பரேஷனுக்கு முந்தின வருஷத்தில் அந்தத் தொல்லையே இல்லாதவர்கள். 2017-ல் வந்த தொடர்ச்சியில், முன்பு அப்படி அடையாளம் இல்லாதிருந்த பைபாஸ்காரர்களில் ஐந்து வருஷத்துக்குள் ஐந்தில் ஒருவருக்கு அது வந்திருந்தது. மீதி நாலு பேருக்கு வரவில்லை என்பதையும் மறக்கவேண்டாம். ஆப்பரேஷனைக் கெட்டது என்று யாரும் நினைக்கவேண்டாம். நம் சகோதரருக்கு அது உயிர் கொடுத்தது. ஆனால் பாருங்கள், ஆபத்து வருகிறது இரண்டாம் வருஷத்தில். நாம் கைதட்டி, சாட்சி எழுதி, பத்திரிகையில் போட்டு, இனி இவருக்கு ஒன்றுமில்லை என்று கண்ணை எடுக்கிற அதே வருஷம். சுத்தம் பண்ணி ஜோடித்து வெறுமையாய் விட்ட வீட்டைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை அசுத்த ஆவி துரத்துகிற கூட்டங்களில் மாத்திரம் பிரசங்கித்திருக்கிறேன். ஒரு மனுஷனுடைய ராத்திரிச் சாப்பாட்டோடு அதைச் சேர்த்து யோசித்ததேயில்லை.

இனி கேள்விக்கு வருவோம்.

முதலில் சகோதரர் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட நியாயத்தைப் பாருங்கள். "வெறிக்கிறதுதான் தப்பு, குடிக்கிறது இல்ல. நான் முன்ன குடிச்சதுல கால்வாசிதான்." தீமோத்தேயுவுக்குப் பவுல் வயிற்றுக்காகச் சொன்ன ஆலோசனையும் கைவசம் வைத்திருந்தார். அந்த வசனம் தெரியாத குடிகாரரை நான் இன்னும் சந்திக்கவில்லை! ஆனால் தீமோத்தேயுவின் வயிறு வேறு, இவர் வயிறு வேறு. பவுல் ஒரு குறிப்பிட்ட மனுஷனுடைய பலவீனத்தைப் பார்த்துச் சொன்னதை, வேறு பலவீனம் உள்ளவர் எடுத்துப் போட்டுக்கொண்டால் அடுத்தவர் மருந்துச் சீட்டைக் கொண்டுபோய் மாத்திரை வாங்குகிற கதைதான். அளவை வைத்து நியாயம் பேசுகிறவர் எந்தப் படியால் அளக்கிறார் என்று கேட்கவேண்டும். கிளாஸ் அதே கிளாஸ். பாத்திரம் மாறிவிட்டது. 'கொஞ்சம்' என்கிற வார்த்தைக்கு அவர் சரீரத்தில் முன்பிருந்த அர்த்தம் இப்போது இல்லை. இதில் எனக்குச் சந்தேகமில்லை.

சந்தேகம் இருந்தது அடுத்த காரியத்தில். சரீரமே அப்படி மாறிவிட்டதென்றால் அவர்மேல் குற்றம் சுமத்தலாமா?

கல்லூரியில் நன்னெறி வகுப்பில் ஒரு விஷயம் படித்தோம். பழைய கிரேக்கர் நாட்டில் மித்திலேனே என்ற பட்டணத்தில் பிட்டக்கஸ் என்று ஓர் அதிபதி இருந்தான். வெறித்தவன் குற்றம் செய்தால் தெளிந்தவனைவிட அதிக தண்டனை என்று சட்டம் போட்டான். அரிஸ்டாட்டில் இதைப் பற்றி எழுதும்போது, வெறியில் செய்தது அறியாமல் செய்ததாயிருக்கலாம், ஆனால் வெறிக்காமல் இருப்பது அவன் கையில் இருந்தது, ஆரம்பம் அவனிடத்தில் இருக்கிறது என்கிற கருத்தில் நியாயம் காட்டுகிறார். அந்த நாளில் அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அநேக பிரசங்கங்களில் உபயோகித்தேன். இப்போது அதே நியாயத்தைச் சகோதரர் விஷயத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஆரம்பம் எங்கே? காருக்குள் நீட்டின கிளாஸா? ஊற்றினவர் கையா? ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்கின தாளா? அந்தத் தாளில் மதுவைப் பற்றி ஒரு வரி இருந்திருக்கிறது. இங்கிலீஷில். சகோதரர் பத்தாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். டயட் சார்ட்டை மாத்திரம் பக்கத்தில் இருந்த நர்சம்மா தமிழில் சொல்லியிருக்கிறார்கள். பழைய குடி இருந்ததா என்று டாக்டர் கேட்டபோது இவர் இல்லை என்று சொல்லிவிட்டார். ஏன் என்றேன். "இரட்சிக்கப்பட்டுட்டமே, பழசை எதுக்குக் கிளறணும்னு நெனச்சேன் ஐயா." அந்தப் பேச்சை அவருக்குக் கற்றுக்கொடுத்தது யார்? நான்தான். பழையவைகள் ஒழிந்துபோயிற்று என்று நாம் சாட்சி சொல்லும் தோரணையே அப்படி.

ஆகவே எனக்குத் தோன்றுவது இது. முதல் கிளாஸுக்கு ஒரு கணக்கு, பிந்தின கிளாஸ்களுக்கு வேறொரு கணக்கு. முதலாவதை அவர் பாதி அறிந்து, பாதி அறியாமல் எடுத்தார். ஆண்டவருக்கு முன்பாகப் பண்ணின பொருத்தனை அவருக்குத் தெரியும், தன் வயிறு என்ன செய்யும் என்பது தெரியாது. எஜமானுடைய சித்தத்தை அறிந்த ஊழியக்காரனுக்கும் அறியாதவனுக்கும் அடியில் வித்தியாசம் உண்டு என்று லூக்கா சுவிசேஷத்தில் கண்டிருக்கிறோமே. இரண்டாம் நாள் காலையில் அவருக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு மனைவியிடம் சொல்லாமல் மறைத்தார் பாருங்கள், அதை நான் பாவம் என்றுதான் சொல்லுவேன். ஆறு மாசம் கழித்து, கை நடுக்கம் நிற்க வேண்டுமென்று காலையிலேயே குடித்தாரே, அங்கே வியாதியின் பங்கு பெரிது. சர்க்கரை வியாதிக்காரன் சர்க்கரை வந்ததற்குக் குற்றவாளி அல்ல. அலமாரிக்குப் பின்னால் நின்று ஜிலேபி தின்றால் அந்த ஒளிவுக்கு அவன்தான் பொறுப்பு. பாவம் என்பதும் வியாதி என்பதும் ஒன்றையொன்று அடித்துத் துரத்துகிற வார்த்தைகள் அல்ல. ஒரே மனுஷனுக்குள் இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கும். எந்த நேரத்தில் எது கதவைத் திறக்கிறது என்று பார்க்கவேண்டும்.

இது கம்ப்யூட்டர் கணக்கல்ல, எனக்கும் தெரியும். வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு அது தெரிவதில்லை. தெரியாது என்பதற்கு நானே சாட்சி. இனி எழுதப்போவது என் குற்றம்.

2024-ல் சகோதரி அழுதுகொண்டு வந்து விஷயத்தைச் சொன்னபோது, சகோதரர் தினமும் ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி, குடிக்கிற நிலைமையில் இருந்தார். நான் வீட்டுக்குப் போனேன். ஜெபித்தேன். "இன்னைக்கே விடணும். ஒரு சொட்டு தொடக்கூடாது. வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாள் தண்ணி மட்டும் குடிச்சு உபவாசம் இருங்க. ஆண்டவர் விடுதலை தருவார்" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. பாட்டிலை என் கண்முன்னே வாஷ்பேசினில் ஊற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து ஆராதனை. அவர் பிந்தி வந்தார். சட்டை முழுக்க வேர்வை. கை நடுங்குகிறது, கால் பின்னுகிறது. ஏதோ சொல்ல வருகிறார், நாக்கு குழறுகிறது. வரிசையில் நின்றவர்கள் விலகினார்கள். மூப்பர் என்னைப் பார்த்தார். நான் பீடத்திலிருந்து கையைக் காட்டினேன், வெளியே கூட்டிக்கொண்டு போங்கள் என்று. அந்தக் கையை நான் மறக்கவில்லை.

நம் சபையில் நர்சாக இருக்கிற சகோதரி பின்னாலேயே ஓடினார்கள். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்து, "பாஸ்டர், வாயில வாசனையே இல்ல. ஆட்டோ பிடிங்க" என்றார்கள். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சர்க்கரை 46. டாக்டர் முதலில் பி1 வைட்டமின் ஊசி போட்டு, பிறகு குளுக்கோஸ் ஏற்றினார். இந்த ஆப்பரேஷன் செய்தவர்களுக்கு அந்த வைட்டமின் சீக்கிரம் குறைந்துபோகும், குடி அதை இன்னும் குறைக்கும், மிகவும் குறைந்தால் மூளையைத் தொட்டு நடை தள்ளாடும், புத்தி தடுமாறும், பார்க்கிறவர்கள் வெறித்திருக்கிறான் என்பார்கள் என்று விளக்கினார். தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினாலும் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம், ஆஸ்பத்திரியில் வைத்து மருந்து கொடுத்துத்தான் நிறுத்தவேண்டும் என்றார். பிறகு, "இவரை யாரு பட்டினி போடச் சொன்னது?" என்று கேட்டார். சகோதரி என்னைப் பார்த்தார்கள். பிறகு தரையைப் பார்த்தார்கள். சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

ஒரு வருஷமாகக் குடித்துக்கொண்டு சபைக்கு வந்தபோதெல்லாம் அவரை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. குடியாமல் வந்த முதல் ஞாயிறு அன்றைக்குக் குடிகாரன் என்று வெளியே அனுப்பினோம். சீலோவில் அன்னாளுடைய உதடுகளைப் பார்த்து ஏலி தீர்ப்புப் பண்ணினதை வாசித்து அவனை நான் எத்தனை தரம் குறை சொல்லியிருக்கிறேன்! ஏலியாவது தவறு தெரிந்ததும் சமாதானத்தோடே போ என்று சொல்லி அவளை அனுப்பினான். எனக்கு அதைச் செய்ய நாலு நாள் ஆயிற்று. அடுத்த ஞாயிறு சபை முன்பாக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். போதகர் அப்படிச் செய்யலாமா, மதிப்புப் போகுமே என்று இரண்டு பேர் பிற்பாடு வந்து சொன்னார்கள். போகிற மதிப்பு போகட்டும் என்றேன்.

உபவாசத்தை நான் குறைவாகப் பேசவில்லை. இந்தச் சரீரம் உள்ளவருக்கு அது உபவாசம் அல்ல. அவர் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, நேரம் தவறாமல், கரண்டியால் அளந்து சாப்பிடுவதே அவருக்குக் கடினமான ஒடுக்கம். நம் சபையில் இனி யாருக்கும் உபவாசம் சொல்லுமுன் சர்க்கரை, ஆப்பரேஷன், மாத்திரை மூன்றையும் கேட்கிறோம். குடியை நிறுத்த வருகிறவரை முதலில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு நர்ஸ் சகோதரி கூட்டிக்கொண்டு போகிறார்கள். நாங்கள் வெளியே உட்கார்ந்து ஜெபிக்கிறோம். மனநலப் பிரிவா என்று முகம் சுளிக்கிற விசுவாசிகள் உண்டு. சகோதரர் வியாழக்கிழமை தோறும் குடியை விட்டவர்கள் கூடுகிற ஒரு கூட்டத்துக்கும் போகிறார், அது நடப்பது ஆர்.சி. கோவில் ஹாலில். அதற்கும் சுளிக்கிறார்கள். அங்கே போய்வந்த ராத்திரி அவர் தூங்குகிறார் என்று அவர் மனைவி சொல்லுகிறார்கள். எனக்கு அது போதும்.

நடுவில் ஒருதரம் தவறினார், போன தீபாவளி சமயத்தில். இந்தத் தடவை மறைக்கவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு எனக்குப் போன் பண்ணி, "ஐயா, ஒண்ணு அடிச்சிட்டேன், வண்டி எடுக்கல, கடை வாசல்லதான் உக்காந்திருக்கேன்" என்றார். போய்க் கூட்டிவந்தேன். அன்றைக்குச் சகோதரி கோபமும் பட்டார்கள், கஞ்சியும் காய்ச்சினார்கள். "ரெண்டும் சரிதானே ஐயா?" என்று கேட்டார்கள். சரிதான் என்றேன். வராந்தாவில் சொல்லாத பதிலை அன்றைக்குச் சமையலறை வாசலில் நின்று சொன்னேன்.

வருகிற மாசம் அதே சொந்தக்காரர் வீட்டில் இரண்டாவது பையனுக்குக் கல்யாணம். போகாமல் இருக்க முடியாது, தாய்மாமன் முறை. தாலி கட்டு முடிந்ததும் மொய் எழுதிவிட்டு, பந்திக்கு நிற்காமல் கிளம்புவதாகப் பேசியிருக்கிறோம். டப்பாவில் அவருக்கு வேண்டிய சாப்பாட்டைச் சகோதரி கட்டிக் கொடுக்கிறார்கள். அன்று கடையைப் பையனிடம் விட்டுவிட்டு நான் அவர் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகிறேன்.